உப்பு சரியா இருக்கு

...இல்லை, முழுங்கியிருக்க மாட்டாள், இல்லை முழுங்கினாள், தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன், எந்தக் கண்ணால், இடது கண் அப்போதே பாதி வேலைநிறுத்தத்தில்தானே இருந்தது, சரி, வலது கண்ணால் பார்த்தேன், அப்படியென்றால் முழுங்கினாள்தான்... என்று ஒலீவியோ தன் மேல் தானே போட்ட வழக்கில் தானே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தபோது நர்ஸ் வந்து நின்றாள். தலையைப் பின்னால் சாயுங்கள் ஐயா, மேலே பாருங்கள் ஐயா, இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு, மூடிக்கொள்ளுங்கள். இது இரண்டாவது தடவை. கண்மணி நன்றாக விரிந்தால்தான் டாக்டர் உள்ளே எட்டிப் பார்க்க முடியுமாம், போன தடவை வரை அறுபத்து மூன்று வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத இடம், முன்பே சொல்லியிருந்தால் ஒட்டடையாவது அடித்து வைத்திருக்கலாம். எரெஷிம் கண் மருத்துவமனையின் இந்த நீள நடையில் வரிசையாக ஏழு நாற்காலிகள், ஏழிலும் அவரைப் போலவே மருந்து விட்டுக்கொண்டு மேலே பார்த்தபடி ஆட்கள், மழைக்குக் காத்திருக்கும் வாத்துகள் மாதிரி. எழுதியிருப்பது எதுவும் இன்னும் மூன்று நான்கு மணி நேரத்துக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது, ஏனென்றால் மருமகள் கிளேசி எதிர்த்தெருப் பரிசோதனைக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். அவளுடைய ரத்தம் மாநிலத் தலைநகர் போர்த்தோ அலெக்ரே வரைக்கும் பயணம் போய்விட்டு இன்று காகிதமாகத் திரும்பி வந்திருக்கிறது. அவள் வயிற்றில் மூன்றாவது மாதம். ரத்தத்தில் டாக்ஸோ. அந்தக் கிருமி குழந்தைக்கு முன்னால் உள்ளே வந்ததா, பின்னால் வந்ததா என்று அந்தக் காகிதம் சொல்லும். முன்னால் என்றால் ஒன்றுமில்லை. பின்னால் என்றால்... பின்னால் என்றால் அது ஜூலை மாதம், பின்னால் என்றால் அது ஒலீவியோவின் கட்டைவிரல்.

பக்கத்து நாற்காலியில் ஸ்தாஷோ. மலைக்கு அந்தப் பக்கத்துப் போலந்துக்காரக் குடும்பம், அவர்களுக்கும் பன்றியும் சோளமும்தான், சந்தையில் பார்த்தால் தொப்பியைத் தொட்டுக்கொள்கிற அளவுக்குப் பழக்கம். இந்த ஊர்ப்பக்கம் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தால் பாதி உறவுக்காரர்களைப் பார்த்துவிட்டுப் போகலாம், கல்யாணத்துக்கு வராதவன்கூட இங்கே வந்துவிடுவான். "உனக்கு எந்தக் கண்ணு?" என்றான் ஸ்தாஷோ. இடது என்றார் ஒலீவியோ. "எனக்கு வலது. நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துத் தச்சா ஒரு லாரி டிரைவர் தேறுவான்." ஸ்டியரிங்கை யார் பிடிப்பது என்று கேட்டதற்கு, "உன் பொண்டாட்டிதான், இப்ப மட்டும் யாரு பிடிக்கிறா?" என்று சிரித்தான். பிறகு தொண்டையைக் காறினான். "இந்த மருந்து மூக்கு வழியா இறங்குது பாரு, மாட்டுப் பித்தம் மாதிரி கசப்பு. உனக்குக் கசக்கல?" ஒலீவியோ மங்கலாகத் தெரிந்த அந்த முகம் சுருங்கியிருந்த அளவைப் பார்த்து, தன் முகத்தையும் அதே அளவு சுருக்கிக்கொண்டு, "பித்தமேதான், சனியன்" என்றார். கசக்கவில்லை. ஒன்றுமே இல்லை. குழாய்த் தண்ணீர் இறங்கியது மாதிரி இறங்கியது. மூன்று வருடமாக இப்படித்தான், ஊரையே படுக்கப்போட்ட அந்தக் காய்ச்சல் எல்லோருக்கும் வந்தது, எல்லோருக்கும் நாக்கு போனது, எல்லோருக்கும் ஒரு மாதத்தில் திரும்பி வந்தது, அவருடைய நாக்கு மட்டும் போன இடத்திலேயே தங்கிவிட்டது. காலையில் இல்தா மாத்தே கஷாயக் குடுவையை நீட்டி, புது இலை, கசப்பு கொஞ்சம் அதிகம் இல்லையா என்பாள், ஆமாம் அதிகம் என்பார், கட்டிய மனைவிக்குக்கூடத் தெரியாது, எப்படிச் சொல்வது, ஊரில் உப்பு பார்க்கிற ஆள் அவர் அல்லவா.

உப்பு பார்க்கிற ஆள் என்றால் சும்மா இல்லை. பூமியின் இந்தப் பாதியில் ஜூலையில் வரும் குளிர்காலத்தில் எந்த வீட்டில் பன்றி வெட்டினாலும் கூப்பிட்டு அனுப்புவார்கள். அரைத்த பச்சை இறைச்சி ஒரு மரத்தொட்டி நிறைய, ஒயினில் ஊறிய பூண்டு, மிளகு, உப்பு, முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்து, அதைக் குடலில் அடைத்து நிலவறையில் தொங்கவிடுவதற்கு முன்னால் ஒருவர் சொல்ல வேண்டும், சரியா இருக்கு என்று. அடுப்பே காணாத சலாமி அது, நாற்பது நாள் தொங்கிய பிறகு நறுக்கித் தின்ன வேண்டியதுதான், உப்பு குறைந்தால் மொத்தமும் கெட்டுப்போகும், கூடினால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது, பிறகு திருத்தவே முடியாது. அதனால் ஒரு சிட்டிகை பச்சையாக எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க... அப்பா செய்தார், அப்பாவுக்குப் பிறகு ஒலீவியோ. போன வருடம் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் துண்டுத்தாளோடு வந்தாள், பச்சையாக ருசி பார்க்காதீர்கள், சின்ன உருண்டையாகப் பிடித்து வாணலியில் வதக்கிப் பாருங்கள் என்றாள். வதக்கினால் இறைச்சி பொய் சொல்லும் அம்மா, சூட்டில் உப்பு ஒளிந்துகொள்ளும் என்று அவளுக்கு வகுப்பெடுத்து, அவள் கண் முன்னாலேயே பெரிதாக ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, ஆஹா என்று நெஞ்சைத் தட்டினார், தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். ஆஹாவாம். அவருக்கு அது ஈரமான பஞ்சு. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போனாள். இப்போது அவள் எங்கே இருக்கிறாளோ, கண்டுபிடித்துக் காலில் விழலாம், ஆனால் யார் கால் என்று தெரிய இன்னும் நாலு மணி நேரம் ஆகும்.

நாக்கு செத்த முதல் வருடம் அவர் செய்த தந்திரம் இதுதான், தான் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு யோசிப்பது போல நின்று, அடுத்த சிட்டிகையைக் கட்டைவிரல் நுனியில் எடுத்துக் கிளேசியின் வாயருகே நீட்டுவார். "நீ சொல்லு பொண்ணு, உன் தலைமுறை நாக்கு எப்படின்னு பார்ப்போம்." எல்லோருக்கும் பெருமை, மாமனார் மருமகளைப் பழக்குகிறார் என்று. ஏன் கிளேசி? மகன் ஜார்தெல் எதைத் தின்றாலும் நன்றாக இருக்கிறது என்பான், அவன் நாக்கு அவருடையதைவிட மோசம். இல்தாவிடம் கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று கேட்பாள், அங்கேயே குட்டு உடையும். கிளேசிக்கு மறைக்கத் தெரியாது, முகத்தில் எல்லாம் எழுதியிருக்கும், அவள் புருவம் லேசாக ஏறினால் உப்பு தூக்கல், உதடு சப்பையானால் குறைவு, அதைப் படித்துக்கொண்டு அவர் தீர்ப்புச் சொல்வார். இரண்டு வருடம் அப்படித்தான் போனது. போன வருடம் கோயில் திருவிழாவில் பாதிரியார் இரண்டு துண்டு கூடுதலாக எடுத்துக்கொண்டார். அப்புறம் இந்த ஜூலை. பனி விழுந்த காலை, தொட்டியிலிருந்து ஆவி, அவர் விரலை நீட்டுகிறார், அவள் ஒரு நிமிடம் தயங்குகிறாள், ஏன் தயங்கினாள், அன்றே அவளுக்குத் தெரிந்திருக்குமா, நாள் தள்ளிப் போனது யாருக்கும் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருந்தாளா, ஒரு வாரக் கரு, இரண்டு வாரம், மிளகளவு, மிளகளவுகூட இல்லை... அவர் என்ன சொன்னார், "என்ன யோசனை, விஷமா குடுக்கிறேன்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். "உப்பு சரியா இருக்கு மாமா" என்றாள். விஷமா குடுக்கிறேன். வாயில் வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா கிழவா உனக்கு?

செப்டம்பரில் சுகாதார நிலையத்தில் முதல் பரிசோதனை, டாக்ஸோ என்று வந்தது, பூனை மலத்திலிருந்தும் வரும், பச்சை இறைச்சியிலிருந்தும் வரும் என்றார்கள், வீடே பூனையைத் திரும்பிப் பார்த்தது. துண்டுத்தாளில் பூனைப் படம்தான் பெரிதாக இருக்கிறது, இறைச்சிப் படம் மூலையில் சின்னதாக. கிளேசி தாய்வீட்டிலிருந்து கூடையில் வைத்துக் கொண்டுவந்த சாம்பல் நிறப் பூனை சின்ஸா, எட்டு வயது, எலியைப் பார்த்தால்கூட மரியாதையாக விலகி நிற்கும். பூனையாகத்தான் இருக்கும் என்று முதலில் சொன்னது யார்? இல்தாவா? இல்லை. ஜார்தெல்லா? இல்லை. அது ஒலீவியோவின் குரல்தான், கணீரென்று, நீதிபதி மாதிரி. மறுநாளே சாக்கில் போட்டுக் கட்டி, தம்பியின் பண்ணைக்குப் பதினெட்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். வழி முழுக்கப் பூனை கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, சாக்குக்குள்ளிருந்து பெருமூச்சு விட்டது. கிளேசி அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. ஜார்தெல் சூழ்நிலையைக் கலகலப்பாக்குகிறேன் பேர்வழி என்று கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு, "அப்பா, இந்தக் கிருமி எலிக்குள்ள போனா எலிக்குப் பூனைப் பயமே போயிடுதாம், தைரியமா மூஞ்சிக்கு நேரா போய் நிக்குமாம்" என்று படித்துக் காட்டினான். ஒலீவியோவுக்கு உள்ளேயும் அது இருக்கிறது என்று கண் டாக்டரே சொல்லியாகிவிட்டது, அறுபது வருடமாக வாடகை இல்லாமல் குடியிருக்கிறது, அப்படியென்றால் எனக்கு ஏன் இன்னும் இல்தாவைக் கண்டால் பயம்? தைரியம் வர வேண்டிய இடத்துக்கெல்லாம் வரவில்லை. இரண்டு வார்த்தை, கிளேசி, ஜூலையில் உனக்குக் கொடுத்தது நான், அதுவும் வழக்கத்துக்காக இல்லை, என் நாக்கு செத்ததை மறைக்க... இரண்டு வார்த்தையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடலாம், சொல்லவில்லையே.

தினம் மூன்று வேளை மாத்திரை போடுகிறாள். காகிதம் வரும் வரை எதற்கும் இருக்கட்டும் என்று கொடுத்தது. அவள் மாத்திரைப் பட்டையைப் பிரிக்கிற சத்தம் கேட்டால் ஒலீவியோ கோழிக்குத் தீனி போட எழுந்துவிடுவார், கோழிகள் எல்லாம் இப்போது கொழுத்துத் திரிகின்றன. சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரு தாளின் பின்பக்கம் இரண்டு கை வரைந்து காட்டினாள். உடம்புக்குள் கிருமியைப் பிடிக்கிற காவலாள் இருக்கிறான், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் பிடித்தால் கை வழுக்கும், பழைய ஆள் பிடித்தால் விடமாட்டான், போர்த்தோ அலெக்ரேயில் அந்தப் பிடியைத்தான் அளந்து பார்க்கப் போகிறார்கள். "பிடி இறுக்கமா இருந்தா பழைய கதை, குழந்தை தங்குறதுக்கு முன்னாடியே முடிஞ்ச கதை. பிடி தளர்வா இருந்தா..." என்று நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினாள். மூடினால் எங்களுக்குத் தெரியாதா? கிளேசி கேட்டாள், என்ன ஆகும், சொல்லுங்கள் என்று. எல்லாக் குழந்தைக்கும் ஆகாது, ஆனால் சிலதுக்குக் கண்ணில் போய் உட்காரும், சிலதுக்குத் தலைக்குள்ளே. ஒலீவியோ அப்போது சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். ஜூலையைக் கிழித்துவிட்டிருந்தார்கள், நல்லவேளை.

கண்ணில் போய் உட்காரும் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும், அவருடையதில்தானே உட்கார்ந்திருக்கிறது. மூன்று வாரம் முன்பு இடது கண்ணில் புகைக்கரி பறப்பது மாதிரி ஆரம்பித்தது, பிறகு பால் கலந்த மாதிரி ஆனது, வண்டியை வேலிக்கம்பத்தில் முட்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். டாக்டர் திரையில் படம் போட்டுக் காட்டினாள், சின்னப் பெண், மகள் வயதுகூட இருக்காது. ஆரஞ்சுப் பழம் மாதிரி ஓர் உருண்டை, நடுவில் மேசைத்துணியில் சுருட்டுப் பட்ட மாதிரி கறுப்பு ஓரம் போட்ட தழும்பு, அதன் பக்கத்தில் புதிதாக ஒரு பஞ்சுப் பொதி. "பழசு தூங்கிட்டு இருந்தது ஐயா, இப்ப ஓரத்துல முழிச்சிருக்கு. மருந்து குடுத்துத் தூங்க வெச்சிடலாம், துரத்த முடியாது." எப்போது வந்தது என்று கேட்டார். அது சொல்ல முடியாது, சின்ன வயதில் வந்திருக்கலாம், நடுவில் இருக்கிறதைப் பார்த்தால் அம்மா வயிற்றில் இருக்கும்போதேகூட வந்திருக்கலாம் என்றாள், சாதாரணமாக, மழை வரலாம் என்பது மாதிரி. அன்றிலிருந்து ஒரு கணக்கு தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, நிறுத்த முடியவில்லை. அவர் பிறந்தது மார்ச். மார்ச்சிலிருந்து பின்னால் போனால் ஜூலையில் அம்மாவுக்கு ஒன்றோ இரண்டோ மாதம், ஜூலையில் பன்றி வெட்டு, தொட்டி, ஆவி, அப்பாவின் கட்டைவிரல். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் நடு எழுத்து மட்டும் காணாமல் போகும், வாத்தியார் குட்டுவார், பந்து எப்போதும் காதில் வந்து விழும், புறாவைக் குறிபார்த்தால் கூரை உடையும், மரமண்டை என்று பெயர், அவரும் மரமண்டைதான் என்று நம்பி அதை வைத்தே ஊரைச் சிரிக்க வைத்து அறுபது வருடம் ஓட்டிவிட்டார். அப்பா வேண்டுமென்றா கொடுத்தார்? பிரியமாகத்தான் கொடுத்திருப்பார். கிளேசியின் குழந்தைக்கும் மார்ச் கடைசியில்தான் தேதி குறித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளையும் வளர்ந்து, பந்து காதில் பட்டு, தாத்தா மாதிரியே இருக்கிறான் என்று ஊர் கொஞ்சும்... ஐயோ, எழுந்து நின்றார், எங்கே போவது, ஜன்னல் ஒரு வெள்ளைப் பாறை மாதிரி கண்ணை அடித்தது, மறுபடி உட்கார்ந்தார். "மூத்திரமா?" என்றான் ஸ்தாஷோ அக்கறையாக. "கதவு இடது பக்கம், எனக்கு இடது நல்லாத் தெரியும், வா கூட்டிட்டுப் போறேன்."

சிவப்பாக ஏதோ ஒன்று நடையின் கோடியில் தோன்றியது. கிளேசியின் ஸ்வெட்டர். இப்படி மெதுவாக நடக்கிறாள் என்றால்... எப்போதும் மெதுவாகத்தான் நடப்பாளா, வேகமாக நடப்பாளா, ஆறு வருடமாக ஒரே வீட்டில் இருந்து அவள் எப்படி நடப்பாள் என்றுகூடத் தெரியவில்லையே, அவள் நாக்கு மட்டும்தானே உனக்கு வேண்டியிருந்தது? வந்து நின்றாள். கையில் வெள்ளையாக உறை. பிரிக்கவில்லை. "மாமா, நீங்களே பிரிச்சுப் படிங்க. ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள மூணு தடவை நின்னுட்டேன்." நானா என்றார். "வேற யாரு? அவரு லாரி ஓட்டிட்டு இருக்காரு, அத்தைகிட்ட போன்ல படிச்சா அவங்க அழுதே என்னை மயக்கம் போட வெச்சிருவாங்க. நீங்கதான் எதுக்கும் கலங்க மாட்டீங்க." எதற்கும் கலங்காத மனிதர் உறையைக் கிழித்ததில் உள்ளே இருந்த தாளின் ஓரமும் கொஞ்சம் கிழிந்தது. பிரித்துப் பிடித்தார். இறைச்சி மேல் மிளகுத்தூள் தூவிய மாதிரி இருந்தது. கையை நீட்டிப் பிடித்தார், இன்னும் நீட்டினார், கை அதற்கு மேல் வளரவில்லை. மருந்து விட்ட கண் என்பது அவருக்கும் மறந்துபோயிருந்தது, அவளுக்கும்.

"குடு இங்க" என்று ஸ்தாஷோ பிடுங்கினான், மூக்கில் ஒட்ட வைத்து முகர்ந்து பார்ப்பது போலப் பார்த்தான், "ஒரு கோடு இருக்கு... கோட்டுக்குக் கீழ இன்னொரு கோடு" என்றான். மூன்றாவது நாற்காலி அம்மாள், "நான் முப்பது வருஷம் டீச்சர், எவன் கையெழுத்தையும் படிப்பேன், இப்படித் தாங்க" என்று வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கி, அதிகாரமாகத் தொண்டையைச் செருமினாள். "மேடம், தலைகீழா பிடிச்சிருக்கீங்க" என்றாள் கிளேசி. தாள் நாலாவது ஆளுக்குப் போனது, ஐந்தாவது ஆள் அதைத் தன்னுடைய தாள் என்று நினைத்து மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் பார்த்தார், ஏழாவது நாற்காலி வரை போய்த் திரும்பி வந்தது, பூசைத் தட்டு மாதிரி. என்ன விஷயம் என்று கேட்டார்கள், டாக்ஸோ என்றார் ஒலீவியோ, வயிற்றில் பிள்ளை என்றார், அவ்வளவுதான், வரிசை முழுக்கத் தலைகள் கிளேசி பக்கம் திரும்பின. எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கண்ணில் தெரியும், அதே கிருமி உட்கார்ந்திருக்கிற கண்ணில். "அட, நல்லதாத்தான் இருக்கும் பொண்ணே" என்று ஸ்தாஷோ மட்டும் முணுமுணுத்தான். கிளேசி தாளை வாங்கிக்கொண்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள். படித்தாள், எழுத்துக் கூட்டுகிற குழந்தை மாதிரி, தன் பெயர், தகப்பன் பெயர், தேதி, தேதியை எதற்கடி படிக்கிறாய்... "பிடி... எண்பத்தோரு சதவிகிதம். உயர்வு."

உயர்வு. உயர்வு என்றால்? ஒலீவியோவின் வயதில் உயர்ந்தது எதுவும் நல்லதாக இருந்ததில்லை, ரத்த அழுத்தம் உயர்வு, சர்க்கரை உயர்வு, கொழுப்பு உயர்வு, ஒவ்வொரு தடவையும் டாக்டர்கள் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு ஒரு தின்பண்டத்தைப் பறித்துக்கொள்வார்கள். நர்ஸ் வரைந்த இரண்டு கையில் எந்தக் கை நல்ல கை, வழுக்கினதா, இறுக்கினதா, எண்பத்தொன்று வழுக்கியதா... "உயர்ந்தா நல்லதா கெட்டதா? சொல்லேன்டி!" என்று அவர் கத்தினார், மருமகளை டி போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இறுக்கம் மாமா" என்றாள் அவள். "பழசு. ரொம்பப் பழசு. பிள்ளைக்கு முன்னாடி." அப்படியே அவர் நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை, சிவப்பு ஸ்வெட்டர் மட்டும் குலுங்குவது தெரிந்தது. எழுந்து நின்று கைதட்டிய டீச்சர் அம்மாள் சுவரைப் பார்த்துத் தட்டினாள்.

அவர் கையை நீட்டித் துழாவினார், அவள் தலை கிடைத்தது, அதன் மேல் வைத்தார். இப்போதே சொல்லிவிடு, காகிதம் உன்னை விட்டுவிட்டது, இனிச் சொல்ல வேண்டியதில்லை என்று இப்போதே உள்ளே ஒருவன் சமாதானம் பேச ஆரம்பித்துவிட்டான், அவன் பேசி முடிப்பதற்குள் சொல்லிவிடு. "கிளேசி, அந்த ஜூலையில..." என்ன ஜூலை என்றாள். "பன்றி வெட்டின அன்னிக்கு. நான் விரல்ல எடுத்து உனக்குப் பச்சையா... அதுதான் காரணம்னு ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. பூனையைச் சொன்னேன், ஆனா உள்ளுக்குள்ள தெரியும், பூனை இல்ல, நான்னு." அவள் மூக்கை உறிஞ்சுவது நின்றது. திட்டப் போகிறாள், திட்டட்டும். "அந்தக் கண்றாவியையா?" என்றாள். "மாமா, நான் அதை ஒரு தடவைகூட முழுங்கினதில்ல."

"தொண்டை அசைஞ்சுதே!" "எச்சி முழுங்கினேன். எல்லாரும் அப்படி உத்துப் பார்த்தா வேற என்ன பண்றது? நீங்க நீட்டின முதல் வருஷத்துலேருந்தே அப்படித்தான், கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்குவேன், திரும்பிக் கைக்குட்டையில துப்பிடுவேன், அப்புறம் பரோனுக்குப் போட்டுடுவேன். அந்த நாய் ஏன் என் பாவாடையையே சுத்திச் சுத்தி வருதுன்னு நெனச்சீங்க, என் அழகுக்கா?" அப்படியென்றால் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி எழுந்தது, கேட்கவும் கேட்டார். தெரியவில்லை என்றாள், எங்கள் வீட்டில் மட்டும் என்ன, கீரையைக் கழுவியா தின்றோம், கிணற்றுத் தண்ணீர், மண்ணில் விளையாட்டு, எதில் வந்ததோ, யார் கண்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப சின்ஸாவைக் கூட்டிட்டு வந்துரலாமா மாமா?" என்றாள். இன்றைக்கே, போகிற வழியிலேயே, சாக்கில் வேண்டாம், மடியில் வைத்துக்கொண்டு வரலாம் என்றார், மலம் அள்ளுகிற வேலை இனிமேல் என்னுடையது என்றார், ராஜா நாட்டைத் தானம் கொடுக்கிற தோரணையில். அப்புறம்தான் அது வந்து உறைத்தது, பின்தங்கி நடக்கும் மாடு மாதிரி, மெதுவாக. "இரு, இரு. முழுங்கலைன்னா, நாக்குலயாவது வெச்சியா? உப்பு சரியா இருக்குன்னு சொன்னியே, ஒவ்வொரு வருஷமும்?" அவள் சிரித்தாள். "நாக்குல பட விடுவேனா? உங்க மூஞ்சியப் பார்த்துத்தான் சொன்னேன். நீங்க வாயில போட்டதும் புருவம் சுருங்கினா, லேசா தூக்கல்னு நானும் சுருக்குவேன். நெஞ்சை நிமிர்த்தி நின்னா, சரியா இருக்குன்னுவேன். உங்க நாக்கு சொல்லாததையா என் நாக்கு சொல்லிடப் போகுது?"

"ஒலீவியோ ஐயா, உள்ள வாங்க" என்று கதவிலிருந்து குரல் கேட்டது. "போங்க மாமா" என்று கிளேசி கையைப் பிடித்து எழுப்பி விட்டாள். சொல்ல வாயெடுத்தார், கிளேசி, என் நாக்கு... "கண்ணைப் பாருங்க மொதல்ல" என்றாள், ஸ்தாஷோ பின்னாலிருந்து "அதைத்தான் அவனால பார்க்க முடியாதே" என்றான், வரிசை சிரித்தது, அந்தச் சிரிப்பிலேயே அவர் உள்ளே தள்ளப்பட்டார். இருட்டான அறை, எந்திரத்தில் மோவாயை வைக்கச் சொன்னார்கள், வைத்தார், நெற்றியை ஒட்டுங்கள், ஒட்டினார். அவள் முகத்தைப் பார்த்து நான், என் முகத்தைப் பார்த்து அவள். மூன்று குளிர்காலம். தொட்டி நிறைய இறைச்சி, நடுவில் இரண்டு பேர், எதிரெதிரே வைத்த இரண்டு கண்ணாடி மாதிரி நின்று ஒன்றுக்குள் ஒன்று உப்பைத் தேடிக்கொண்டு, ஒரு நாக்கு செத்தது, ஒரு நாக்கு பட விடாதது... அப்படியென்றால் உப்பை யார் பார்த்தது? பாதிரியார் இரண்டு துண்டு கூடுதலாக எடுத்துக்கொண்டாரே? ஒன்றும் கெட்டுப்போகவில்லையே, யாரும் திருப்பித் தரவில்லையே? கைக்கே தெரியுமா, அள்ளிப் போடுகிற கைக்கு? இல்லை, ஊரில் எல்லோருமே என் மூஞ்சியைப் பார்த்துத்தான் நன்றாக இருக்கிறது என்று தின்றார்களா, பாதிரியார்கூட, அப்பா காலத்திலேயும் இப்படித்தானா, அப்பாவின் நாக்கு... வெளிச்சம் கத்தி மாதிரி கண்ணுக்குள் இறங்கியது. மேலே பாருங்கள், கீழே பாருங்கள், என் காதைப் பாருங்கள், அந்தச் சின்னப் பெண் அவருடைய கண்ணுக்குள் அறுபது வருடமாகக் குடியிருப்பவனைத் தேடிக்கொண்டிருந்தாள். "பரவாயில்ல ஐயா, ஓரம் காய ஆரம்பிச்சிருக்கு. இன்னொரு சொட்டு மட்டும் விடறேன், இது கொஞ்சம் வேற மருந்து." விட்டாள். கண்ணிலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து அண்ணத்துக்கு, அங்கிருந்து நாக்கின் அடிவேருக்கு ஏதோ ஒன்று மெதுவாக இறங்கியது. "தொண்டையில இறங்குதா? ரொம்பக் கசக்குதா?" என்றாள் டாக்டர். அவர் வழக்கப்படி முகத்தைச் சுருக்கத் தயாராகி, எவ்வளவு சுருக்க வேண்டும் என்று அவள் முகத்தைத் தேடினார். இருட்டு, எதிரே வெறும் வெளிச்சம், முகம் எதுவும் தெரியவில்லை. "ஒரு நிமிஷம்மா" என்றார் ஒலீவியோ, "பொறு, பார்த்துட்டுச் சொல்றேன்." வாயை மூடிக்கொண்டு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தன் நாக்கைத் தானே போய்த் தேடினார்.